ரெண்டு தம்முதானே? சின்ன வயசுல ரத்தக்குழாய்க்கு நடக்குறதும், அதை திருப்புற வழியும்

தம் அடிக்கிறவன்கிட்ட உடம்ப பத்தி பேசுனா அவனுக்கு முதல்ல ஞாபகம் வர்றது தியேட்டர்ல படத்துக்கு முன்னாடி போடுற அந்த ஸ்பாஞ்ச் பிழியிற விளம்பரம்தான். அதனால எல்லாருக்கும் பயம் நுரையீரல் மேல, அதுவும் 50 வயசுக்கு அப்புறம் பாத்துக்கலாம்ங்கற மாதிரி ஒரு பயம். நானும் 19 வயசுல ஹாஸ்டல் மொட்டை மாடியில ஆரம்பிச்சு 27 வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். அப்புறம் என் ரூம்மேட் ஒருத்தன், வயசு 29, ஒரு நாளைக்கு நாலு இல்ல அஞ்சு, அதுக்கு மேல கிடையாது, நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து நெஞ்ச அழுத்துதுன்னு சோடா குடிச்சிட்டு படுத்தான், மத்தியானம் இதயத்து குழாய் அடைப்ப திறந்து வைக்கற ஸ்டென்ட் வச்சாங்க. அவனோட நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமா இருந்துச்சு, நுரையீரல்ல ஒண்ணுமே இல்ல. அன்னைக்குதான் புரிஞ்சுது, நாங்க தப்பான இடத்தை பாத்து பயந்துட்டு இருந்தோம்னு.

நான் டாக்டர் இல்ல. அன்னையிலிருந்து படிச்சது, டாக்டர்கள தொல்லை பண்ணி கேட்டது, நானே விட்டப்ப பட்டது, இதெல்லாம் வரிசையா எழுதுறேன். 20ல இருந்து 35க்குள்ள இருக்கறவங்கள மனசுல வச்சு எழுதுறது.

படி 1: குழாய்ன்னா என்னன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க

குழாய்ன்னதும் நம்ம மனசுல வர்றது பிவிசி பைப், சும்மா தண்ணி ஓடுற ஓட்டை. உடம்புல இருக்கறது அப்படி இல்ல. தமனி, அதாவது இதயத்துலருந்து ரத்தம் கொண்டுபோற குழாய், அதோட சுவர்ல தசை இருக்கு, தேவைக்கு ஏத்த மாதிரி விரியும் சுருங்கும். யாரு அதுக்கு ஆர்டர் போடுறதுன்னா, உள்பக்கம் ஒரே ஒரு செல் கனத்துல ஒட்டியிருக்கற எண்டோதீலியம்ங்கற மெல்லிசு படலம். நீங்க மாடிப்படி ஏறும்போது ரத்தம் வேகமா ஓடும், அந்த உரசல உணர்ந்து இந்த படலம் நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயுவ விடும், தசை தளரும், குழாய் விரியும். அதே வாயுதான் ரத்தத்த உறைய வைக்கற தட்டணுக்கள் சுவர்ல ஒட்டாம பாத்துக்குது. இதை கண்டுபிடிச்சதுக்குதான் 1998ல ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூணு பேருக்கும் மருத்துவ நோபல் குடுத்தாங்க. வீட்டுல தாத்தா நெஞ்சு வலிச்சா நாக்குக்கு அடியில ஒரு மாத்திரை வைப்பாரே, அது வேலை செய்யறதும் இதே நைட்ரிக் ஆக்சைடு வழியாதான். தாத்தா மாத்திரையா வாங்குறத நம்ம குழாய் 24 மணி நேரமும் ஃப்ரீயா தயாரிச்சிட்டு இருக்கு.

சிகரெட் புகையில 7000க்கு மேல ரசாயனம் இருக்கு, அதுல இருக்கற ஃப்ரீ ராடிக்கல்ஸ் இந்த நைட்ரிக் ஆக்சைட வெளிய வந்த உடனே காலி பண்ணிடும், அதை தயாரிக்கற என்சைமையும் கெடுக்கும். அடைப்பு, கொழுப்பு, ஆஞ்சியோ எல்லாம் ரொம்ப பின்னாடி வர்ற கதை, முதல்ல போறது இந்த விரியற திறமைதான். அது போனா வலிக்காது, மூச்சு வாங்காது, ஒண்ணுமே தெரியாது.

இதை நேரடியாவே அளந்திருக்காங்க. கையில பிபி பட்டைய கட்டி 5 நிமிஷம் இறுக்கி வச்சு டக்குனு விட்டுட்டா ரத்தம் பாய்ஞ்சு வரும், நல்ல குழாய் அப்ப விரியணும், எவ்வளவு விரியுதுன்னு அல்ட்ராசவுண்ட்ல பாக்கலாம். டேவிட் செலர்மேஜர் டீம் 1993ல வெளியிட்ட ஆய்வுல 15ல இருந்து 57 வயசு வரைக்கும் 200 பேரு, வேற வியாதி எதுவும் இல்லாதவங்க. புகைக்காதவங்களுக்கு குழாய் சராசரியா 10 சதவீதம் விரிஞ்சுது, புகைக்கறவங்களுக்கு 4 சதவீதம்தான். வாழ்நாள்ல மொத்தம் எவ்வளவு பிடிச்சாங்களோ அதுக்கு ஏத்த மாதிரி விரியறது குறைஞ்சிட்டே போச்சு. 1996ல அதே டீம் 15ல இருந்து 30 வயசுக்காரங்கள்ல, தான் பிடிக்காம வீட்டுலயோ வேலையிலயோ பல வருஷமா அடுத்தவங்க புகைய தினமும் சுவாசிச்சவங்கள பாத்தாங்க, அவங்களுக்கும் அதே கதை. ஸோ பால்கனியில நின்னு கதவ சாத்தாம பிடிக்கறவங்க உள்ள இருக்கற பொண்டாட்டி புள்ளைங்க குழாயையும் கணக்குல சேத்துக்கோங்க.

படி 2: ஒரு தம் அடிக்கும்போது நிமிஷ கணக்குல என்ன நடக்குது

இதை நீங்களே செக் பண்ணலாம். பத்த வைக்கறதுக்கு முன்னாடி உக்காந்து மணிக்கட்டுல ஒரு நிமிஷம் பல்ஸ் எண்ணுங்க, முடிச்சதும் மறுபடி எண்ணுங்க. எனக்கு 14 கூடுச்சு, பொதுவா 10ல இருந்து 20 வரைக்கும் ஏறும்.

இழுத்து 10, 20 செகண்ட்ல நிகோடின் மூளைக்கு போயிடும், அட்ரினலின் வரும், இதயம் வேகமா அடிக்கும், பிபி ஏறும், கை கால் நுனியில இருக்கற சின்ன குழாய் எல்லாம் சுருங்கும் (தம் அடிச்சா விரல் ஜில்லுன்னு ஆகுறது இதனாலதான்). அதே நேரத்துல கார்பன் மோனாக்சைடு. அது ஹீமோகுளோபின்ல ஆக்சிஜன விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும், ஆக்சிஜன் உக்கார வேண்டிய சீட்ட புடிச்சிட்டு மணிக்கணக்கா எழுந்திரிக்காது. அதாவது இதயத்துக்கு வேலை ஜாஸ்தி, ஆக்சிஜன் கம்மி, வழியும் குறுகல். முதலாளி டார்கெட்ட ஏத்திட்டு சம்பளத்த புடிச்சிக்கிட்ட மாதிரி. கூடவே தட்டணுக்கள் ஒட்டற தன்மை அதிகமாகும், ரத்தம் கட்டி ஆகுறதுக்கு ரெடியா இருக்கும். சின்ன வயசு ஹார்ட் அட்டாக்குல இந்த ரத்தக்கட்டிதான் பெரிய வில்லன், வருஷக்கணக்கா சேந்த 80 சதவீத அடைப்பெல்லாம் பாதி பேருக்கு இருக்காது, சின்ன கொழுப்பு படிவு ஒண்ணு கீறிக்கும், அது மேல கட்டி உக்காந்து மொத்தமா மூடிடும்.

வாயில மின்ட் போட்டா வீட்டுல மாட்டாம தப்பிக்கலாம். அவ்வளவுதான் அதோட பயன்.

படி 3: உங்க கணக்க போடுங்க, ஆனா அந்த கணக்க நம்பி ஏமாறாதீங்க

டாக்டர் 'எத்தனை பேக் இயர்'னு கேப்பாரு. ஒரு நாளைக்கு 20 வீதம் ஒரு வருஷம் பிடிச்சா அது 1 பேக் இயர். நம்ம ஊர்ல 10 சிகரெட் பாக்கெட்டும் ஓடுறதால நிறைய பேரு பாக்கெட் எண்ணிக்கைய வச்சு தப்பா சொல்லுவாங்க, பெட்டிக்கடையில லூஸா வாங்கறவன் பாக்கெட்டே எண்ணறதில்ல. சிம்பிளா, ஒரு நாள் எண்ணிக்கைய 20ஆல வகுத்து வருஷத்தால பெருக்குங்க. தினம் 5, ஆறு வருஷம்னா 1.5. வீக்எண்ட் பார்ட்டி கணக்கையும், நண்பன் கையிலருந்து வாங்கின பாதி தம்மையும் சேத்துக்கோங்க, நேர்மையா.

இப்ப 1.5 எல்லாம் ஒரு நம்பரான்னு ஒரு நிம்மதி வருதுல்ல, அந்த நிம்மதிதான் ஆபத்து. இந்த கட்டுரையில ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும்னா இதுதான். நுரையீரல் புத்துநோய்ல எண்ணிக்கை கிட்டத்தட்ட நேர்கோட்டுல வேலை செய்யும், குறைச்சா அதுக்கேத்த மாதிரி குறையும். ரத்தக்குழாய் அப்படி இல்ல. 2018ல லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல ஆலன் ஹாக்‌ஷா டீம் 141 நீண்டகால ஆய்வுகள ஒண்ணா சேத்து பாத்தாங்க. தினம் 20 பிடிக்கற ஆம்பளைக்கு இதய நோய் ரிஸ்க் புகைக்காதவன விட ரெண்டு மடங்கு. சரி, 20க்கு பதிலா 1 மட்டும் பிடிக்கறவனுக்கு அந்த எக்ஸ்ட்ரா ரிஸ்க்ல இருபதுல ஒரு பங்குதான மிஞ்சணும்? மிஞ்சுனது கிட்டத்தட்ட பாதி. பெண்களுக்கு மூணுல ஒரு பங்கு. முதல் ஒண்ணு ரெண்டுலயே எண்டோதீலியமும் தட்டணுவும் கெடவேண்டிய அளவுக்கு பெரும்பாலும் கெட்டுடுது, அதுக்கு மேல பிடிக்க பிடிக்க கூடத்தான் செய்யும், ஆனா விலையில பாதிய முதல் தம்முலயே கட்டியாச்சு. 'நான் சோஷியல் ஸ்மோக்கர் ப்ரோ' ஆளுங்க கொஞ்சம் இந்த பத்திய ரெண்டு தடவை படிங்க.

படி 4: மாத்து வழின்னு நினைக்கறத தள்ளி வைங்க

பீடி சின்னது, இலையில சுத்துனது, இயற்கைன்னு ஒரு பேச்சு இருக்கு. புகையிலை கம்மிதான், ஆனா அடிக்கடி அணைஞ்சு போகும், அணையாம இருக்க வேகவேகமா ஆழமா இழுக்கணும், அதனால கார்பன் மோனாக்சைடு குறையறது இல்ல. ஹூக்கால கரி எரியுது, ஒரு மணி நேரம் உக்காந்து இழுக்கறீங்க, கரிப்புகைய தண்ணி வடிகட்டாது. இ-சிகரெட்ட இந்தியாவுல 2019லயே தடை பண்ணிட்டாங்க, கள்ளத்தனமா கிடைக்கறதுல உள்ள என்ன இருக்குன்னு விக்கறவனுக்கே தெரியாது, நிகோடின் இருந்தா பல்ஸும் ஏறும் குழாயும் இறுகும். ஹான்ஸ், குட்காவுக்கு மாறறதும் வேண்டாம், வாய் தனி கதை.

படி 5: உடம்ப தலையிலருந்து கால் வரைக்கும் கேளுங்க

நெஞ்சு. நம்ம ஊர்ல நெஞ்சு வலிக்கு முதல் பேரு 'கேஸ்'. பன்னீர் சோடா, ஜெலுசில், இஞ்சி, வெந்நீர், அப்புறம் தூக்கம். 28 வயசு பையனுக்கு ஹார்ட் அட்டாக்ங்கற எண்ணமே யாருக்கும் வராது, அவனுக்கும் வராது. நடு நெஞ்சுல பாரம் வச்ச மாதிரி அழுத்தம், இடது கை, தாடை, முதுகுக்கு பரவறது, வியர்த்து கொட்டறது, 10, 15 நிமிஷத்துக்கு மேல நிக்கறது, இதுல எது இருந்தாலும் 108க்கு போன் பண்ணி ஈசிஜி எடுங்க, நீங்களே பைக் ஓட்டிட்டு போகாதீங்க. தமிழ்நாட்டுல 2023ல ஆரம்பிச்ச 'இதயம் காப்போம்' திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ரத்தம் உறையாம இருக்கறதுக்கான முதல் டோஸ் மாத்திரை குடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க, கிராமத்துல இருக்கறவங்க இதை தெரிஞ்சு வச்சுக்கோங்க. ஒண்ணும் இல்லன்னு திருப்பி அனுப்புனா நல்லதுதான, வெக்கப்பட என்ன இருக்கு. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மத்தவங்களுக்கு வர்றத விட அஞ்சாறு வருஷம் முன்னாடியே வருதுன்னு 52 நாடுகள்ல நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வுல தெரிஞ்சுது, அதனால வயசு கம்மிங்கற தைரியம் நமக்கு இன்னும் கம்மியாவே இருக்கணும்.

தலை. திடீர்னு வாய் கோணறது, ஒரு பக்க கை தொங்கறது, பேச்சு குழறறது. 5 நிமிஷத்துல சரியாயிட்டாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி. கர்ப்பத்தடை மாத்திரை எடுக்கற பெண்கள் புகைக்கவும் செஞ்சா ரத்தம் உறையற ரிஸ்க் ரெண்டு பக்கத்துலருந்தும் வருது, 35க்கு மேலன்னா அந்த மாத்திரையே குடுக்க மாட்டாங்க, அதனால டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. அவங்க உங்க அம்மாகிட்ட போய் சொல்ல மாட்டாங்க.

கொஞ்சம் கூச்சமான விஷயம். ஆணுறுப்புக்கு போற தமனி 1, 2 மில்லிமீட்டர்தான், இதயத்து தமனி 3, 4. கெட்டுப்போனா முதல்ல சின்னதுல தான தெரியும்? விறைப்பு வர்றதே நைட்ரிக் ஆக்சைடு குழாய விரிக்கறதாலதான். 30 வயசுல இந்த பிரச்சனை வந்து ரகசியமா லேகியம், மெடிக்கல்ல நண்பன் சொன்ன மாத்திரைன்னு அலையறவங்க முதல்ல பாக்கெட்ட பாக்கணும், அப்புறம் பிபி, சுகர்.

கால். இதுக்குதான் நான் ரொம்ப நேரம் எடுத்துக்கப் போறேன், ஏன்னா இது இளவயசு புகைக்காரங்களுக்குன்னே இருக்கற வியாதி, யாரும் பேசறது இல்ல. பேரு பர்ஜர் நோய், 1908ல லியோ பர்ஜர்னு ஒரு நியூயார்க் டாக்டர் விவரிச்சாரு. கொழுப்பு அடைப்பு இல்ல இது, கை கால்ல இருக்கற சின்ன, நடுத்தர தமனியும் சிரையும் (ரத்தத்த இதயத்துக்கு திருப்பி கொண்டுவர்ற குழாய்) வீங்கி உள்ள ரத்தம் கட்டி மூடிக்கறது. வர்றவங்க பெரும்பாலும் 45, 50க்கு கீழ உள்ள ஆம்பளைங்க, கிட்டத்தட்ட எல்லாருமே புகையிலை பழக்கம் உள்ளவங்க. இந்தியா, ஜப்பான், மேற்காசியா பக்கம் ஜாஸ்தி, நம்ம பக்கம் பீடி பிடிக்கறவங்கள்ல நிறைய பாக்கறாங்க. ஆரம்பம் எப்படின்னா, நடக்கும்போது பாதத்து வளைவுல ஒரு பிடிப்பு, நின்னா சரியாகும், 'செருப்பு சரியில்ல'ன்னு செருப்ப மாத்துவோம். அப்புறம் குளிர்ல விரல் வெளுத்து நீலமாகும். தோலுக்கு அடியில கயிறு மாதிரி ஒரு சிரை வீங்கி வலிக்கும், கொஞ்ச நாள்ல போயிடும், வேற இடத்துல வரும். அப்புறம் கட்டைவிரல் ஓரத்துல ஆறாத புண்ணு, ராத்திரி தூங்க விடாத வலி, கால தொங்கப்போட்டா கொஞ்சம் சுகம். கடைசியில விரல் கறுப்பாகும்.

இதுக்கு மருந்து மாத்திரை, ஆபரேஷன் எல்லாம் ஓரளவுதான். விரல காப்பாத்தற ஒரே உறுதியான வழி புகையிலைய மொத்தமா நிறுத்தறது, மொத்தமான்னா ஒரு நாளைக்கு ஒண்ணு கூட இல்லாம, மெல்லறதும் இல்லாம. நிறுத்துனவங்களுக்கு பெரும்பாலும் அறுவை அளவுக்கு போறதில்ல, தொடர்ந்தவங்களுக்கு முதல்ல விரல், அப்புறம் பாதம்னு மேல ஏறும். விரல எடுத்த அப்புறமும் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில பத்த வச்சவர நானே பாத்திருக்கேன், அவர திட்ட தோணல, அந்த பிடி எவ்வளவு இறுக்கம்னு தெரிஞ்சதால.

வீட்டுல செய்யற சோதனை: பாதத்து மேல்பக்கம், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேரா மேல வந்தா ஒரு துடிப்பு இருக்கும், ரெண்டு கால்லயும் தடவி பாருங்க. சிலருக்கு பிறவியிலயே அங்க துடிப்பு கிடைக்காது, அதனால கிடைக்கலைன்னு அலறாதீங்க, உள் கணுக்காலுக்கு பின்னாடி இன்னொண்ணு இருக்கு. ரெண்டுமே இல்ல, கூட மேல சொன்ன தொந்தரவும் இருக்குன்னா ரத்தநாள அறுவை டாக்டர பாருங்க. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில இதுக்குன்னே தனி துறை இருக்கு.

படி 6: டெஸ்ட்டுக்கு காசு எங்க போடணும், எங்க வேண்டாம்

பிபி, சாப்பிடாம சுகர், கொழுப்பு அளவு. அவ்வளவு போதும் முதல்ல. பிபி பாக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி தம், காபி ரெண்டும் கூடாது, இல்லன்னா நம்பர் பொய் சொல்லும். குடும்பத்துல யாருக்காவது சீக்கிரமே அட்டாக் வந்திருந்தா கண்டிப்பா சொல்லுங்க. கால் தொந்தரவு இருந்தா கணுக்கால் பிபியையும் கை பிபியையும் ஒப்பிட்டு பாக்கற டெஸ்ட் இருக்கு, விகிதம் 0.9க்கு கீழ வந்தா கால் தமனியில அடைப்புன்னு அர்த்தம். பர்ஜர் மாதிரி கணுக்காலுக்கு கீழ மட்டும் கெட்டிருந்தா இது நார்மல்னு கூட வரலாம், அதனால டாக்டர் ரத்த ஓட்டத்த பாக்கற டாப்ளர் ஸ்கேன் எழுதுவாரு.

சும்மா உக்காந்து எடுத்த ஈசிஜி நார்மல்னா குழாய் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, அந்த நிமிஷம் இதயத்துல பிரச்சனை தெரியலைன்னு மட்டும்தான். அந்த ரிப்போர்ட்ட சான்றிதழ் மாதிரி பர்ஸ்ல வச்சுக்கிட்டு தொடர்ந்து பிடிச்சவன் நான். மாஸ்டர் செக்கப் பேக்கேஜுக்கு போடற காச நிகோடின் சூயிங்கம்ல போடுங்க.

படி 7: விடற வேலை

ஒரு தேதி வைங்க, ரெண்டு வாரத்துக்குள்ள. படிப்படியா குறைக்கறேன்ங்கறவங்க முடிவு தேதி இல்லாம ஆரம்பிக்காதீங்க, மூணுல நின்னுடுவீங்க, படி 3 ஞாபகம் இருக்குல்ல.

டீயும் தம்மும் நமக்கு புருஷன் பொண்டாட்டி மாதிரி. நான் பண்ணுனது, கடைய மாத்துனேன். பழைய கடையில கயித்துல நெருப்பு தொங்கும், கை தானா போகும். புது கடை ஒரு பேக்கரி, அங்க சிகரெட்டே விக்கல. சாப்பாட்டுக்கு அப்புறம் உடனே எழுந்து நடந்துடறது, பார்ட்டியில முதல் மாசம் தலை காட்டாதது, இதெல்லாம் சில்லறை விஷயமா தெரியும், ஆனா ஒரு ஏக்கம் 3லருந்து 5 நிமிஷம்தான் உச்சத்துல நிக்கும், அத தாண்டறதுக்கு இந்த சில்லறைதான் உதவும்.

யாரும் சொல்லாத ஒண்ணு: புகை காஃபீன உடம்புலருந்து சீக்கிரம் வெளியேத்திடும். விட்ட உடனே அதே நாலு காபி குடிச்சா காஃபீன் ரொம்ப நேரம் தங்கும், படபடப்பு, தூக்கமின்மை, அத 'தம் இல்லாம முடியல'ன்னு நினைச்சு திரும்பிடுவோம். முதல் ரெண்டு வாரம் காபி டீய பாதியாக்குங்க. எனக்கு மூணாவது முயற்சி ஜெயிச்சதுக்கு காரணமே இதுதான்னு நினைக்கறேன்.

நிகோடின் கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம்னு கிடைக்கும். எழுந்து அரை மணி நேரத்துக்குள்ள முதல் தம் அடிக்கறவங்களுக்கு 4, மத்தவங்களுக்கு 2. இதை பபுள்கம் மாதிரி மென்னு தள்ளக்கூடாது, விக்கல் வரும், வயிறு எரியும். மெதுவா மென்னு, சுருக்குனு ஒரு காரம் வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைங்க, காரம் போனதும் மறுபடி ரெண்டு மெல்லு, இப்படி அரை மணி. அதுக்கு 15 நிமிஷம் முன்னாடியிலருந்து காபி, ஜூஸ் கூடாது. கம்லயும் நிகோடின்தான, குழாய் கெடாதான்னு கேப்பீங்க. இதுல கார்பன் மோனாக்சைடும் எரிஞ்ச புகையும் கிடையாது, சிகரெட் கூட ஒப்பிடவே முடியாது. விதிவிலக்கு பர்ஜர் நோய் உள்ளவங்க, அவங்களுக்கு இது கூட வேண்டாம்பாங்க. சமீபத்துல அட்டாக் வந்தவங்களும் கேட்டுட்டு எடுக்கணும். கம் போதலைன்னா வரெனிக்லின், புப்ரோபியான்னு மாத்திரை இருக்கு, டாக்டர் சீட்டு வேணும்.

இலவச ஆலோசனைக்கு 1800-11-2356, சிகரெட் பாக்கெட்லயே போட்டிருக்கற நம்பர்தான், இத்தனை நாள் பாத்தும் பாக்காம இருந்தது.

முதல் மூணு நாள் மோசம், எரிச்சல், மலச்சிக்கல், கவனம் நிக்காது. ரெண்டுலருந்து நாலு வாரத்துல அடங்கும். எடை 4, 5 கிலோ கூடலாம். வழுக்கி ஒண்ணு அடிச்சிட்டீங்கன்னா 'போச்சு, இனி திங்கக்கிழமைலருந்து'ன்னு தள்ளாதீங்க, அடுத்தத அடிக்காம இருந்தா போதும், தேதிய மாத்த வேண்டாம்.

படி 8: குழாய் எப்ப திரும்பும்

20 நிமிஷத்துல பல்ஸ் இறங்க ஆரம்பிக்கும். ஒண்ணு ரெண்டு நாள்ல கார்பன் மோனாக்சைடு போயிடும், மாடி ஏறும்போதே தெரியும். தட்டணுக்களோட ஒட்டற குணம் சில வாரத்துல குறையும், ரத்தக்கட்டி ரிஸ்க் வேகமா இறங்கறது இதனாலதான். ஒரு வருஷத்துல இதய நோயோட எக்ஸ்ட்ரா ரிஸ்க் பாதியாகும். அந்த கை குழாய் டெஸ்ட்ட 1500 பேருக்கு மேல எடுத்து 2010ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஒரு வருஷம் விட்டவங்களுக்கு எடை கூடியும் குழாய் முன்ன விட நல்லா விரிஞ்சுது, தொடர்ந்தவங்களுக்கு மாறல. 1993 ஆய்வுல விட்டவங்களுக்கு சராசரி 5 சதவீதம்தான் விரிஞ்சுது, ஸோ முழுசா உடனே திரும்பிடும்னு பொய் சொல்ல மாட்டேன், வருஷக்கணக்கு ஆகும். பிரபாத் ஜா டீம் 2013ல அமெரிக்கால கணக்கு பாத்தப்ப, தொடர்ந்து பிடிக்கறவங்க 10 வருஷ ஆயுள இழக்கறாங்க, 25லருந்து 34 வயசுக்குள்ள விட்டவங்க அதை கிட்டத்தட்ட மொத்தமா மீட்டுக்கறாங்க.

என் ரூம்மேட் ஸ்டென்ட் வச்ச அன்னையிலருந்து தொடல. ஆறாவது மாசம் திருநீர்மலை படி ஏறிட்டு மேலருந்து எனக்கு ஒரு போட்டோ அனுப்புனான், கீழ கேப்ஷன்ல பல்ஸ் 96ன்னு போட்டிருந்தான்.